பழைய கோல்ட் (Colt) ரிவால்வரோட வயச எப்படி கண்டுபிடிக்கறாங்க?

கோல்ட்ங்கற அமெரிக்க கம்பெனி செஞ்ச பழைய சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர பாக்கறவங்க முக்கால்வாசி பேர் முதல்ல ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. ஃபிரேமோட, அதாவது துப்பாக்கியோட நடு உடம்போட, இடது பக்கத்துல பொடி எழுத்துல 1871, 1872, 1875னு மூணு தேதி குத்தியிருக்கும், அத பாத்த உடனே 1871-ல செஞ்ச துப்பாக்கின்னு முடிவு பண்ணிடுவாங்க. அது பேட்டன்ட் வாங்கின தேதிங்க. 1900-த்துக்கு அப்புறம் ஃபேக்டரிய விட்டு வந்த துப்பாக்கிலயும் இதே தேதிங்கதான் இருக்கும். அதுல இருந்து உறுதியா சொல்ல முடியறது ஒண்ணுதான், 1875 இருந்தா அந்த ஃபிரேம் 1875க்கு முன்னாடி வந்ததா இருக்காது. வயசு பாக்கற மொத்த வேலையுமே இந்த லாஜிக்லதான் ஓடுது: இருக்கறதுலயே கடைசியா வந்த அடையாளம் எதுவோ, அதுக்கு முன்னாடி போகவே முடியாது.

அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்ட்ல 1873-ல இத செய்ய ஆரம்பிச்சு 1940 வரைக்கும் விடாம செஞ்சாங்க, கிட்டத்தட்ட 3,57,000. அப்புறம் 1956-ல திரும்ப ஆரம்பிச்சப்போ நம்பருக்குப் பின்னாடி 'எஸ்ஏ'ன்னு ரெண்டு எழுத்து சேத்துட்டாங்க, அதனால பழசு எது புதுசு எதுன்னு அங்கயே பிரிஞ்சுடும்.

கையில எடுத்ததும் ஆறு அறையும் காலியான்னு பாத்துடணும், அது முதல் வேலை. அடுத்தது சீரியல் நம்பர். ட்ரிகர் கார்டுக்கு (விசைய சுத்தி இருக்கற வளையம்) முன்னாடி ஃபிரேமோட அடிப்பக்கம் ஒண்ணு, ட்ரிகர் கார்டுலயே ஒண்ணு, கைப்பிடியோட அடியில ஒண்ணு, ஆக மூணு எடத்துல ஒரே நம்பர் இருக்கணும். 15,000 பக்கம்னா 1875, 1,82,000 பக்கம்னா 1898 முடியற நேரம். இந்த 1898 ரொம்ப முக்கியம், ஏன்னா அமெரிக்க சட்டத்துல அந்த வருஷமோ அதுக்கு முன்னாடியோ செஞ்சதுன்னா அது ஆன்டிக், அதுக்குப் பிறகுன்னா சாதாரண துப்பாக்கிக்கான விதி முழுசும் வந்துடும்.

நம்பர் சொல்றத மத்த பாகங்களும் ஒத்துக்கணும். சிலிண்டர் சுத்தற அந்தக் கம்பிய ஆரம்பத்துல ஃபிரேமோட முன்பக்கம் ஒரு ஸ்க்ரூ பிடிச்சிருந்துச்சு, 1896 வாக்குல அது போய் பக்கவாட்டுல அழுத்தற ஸ்பிரிங் பட்டன் வந்துடுச்சு. 30,000 நம்பர் போட்ட ஃபிரேம்ல ஸ்பிரிங் பட்டன் இருந்தா ஏதோ சரியில்லன்னு அர்த்தம்.

ஆனா நம்பர் மாறியிருந்தாலே டூப்ளிகேட்னு சொல்லிடக் கூடாது, இங்கதான் எனக்கு ரொம்ப பிடிச்ச கதை வருது. 1895-லேர்ந்து அமெரிக்க ராணுவம் தன்கிட்ட இருந்த ஏழரை இஞ்ச் பேரல் துப்பாக்கிங்கள எடுத்து பேரல அஞ்சரை இஞ்ச்சா வெட்டி சர்வீஸ் பண்ணுச்சு, மொத்தமா பிரிச்சுப் போட்டு எது எதோட பார்ட்டுன்னு பாக்காம திரும்ப மாட்டினாங்க. அப்படி மாட்டினதுல நம்பர் கலந்து இருக்கறதுதான் இயல்பு, அந்த ரகத்துல எல்லா நம்பரும் அச்சு அசலா ஒத்துப்போனாதான் கொஞ்சம் நிதானமா பாக்கணும்.

அரத்தால நம்பர தேச்சு அழிச்சிருந்தா? அதுக்கும் வழி இருக்கு. அச்ச வெச்சு சுத்தியால அடிக்கறப்போ மேல பள்ளம் விழறது மட்டும் இல்ல, அடியில இருக்கற இரும்போட படிக அமைப்பும் நசுங்கிடுது. மேல கண்ணுக்குத் தெரியறத தேச்சுட்டாலும் அந்த நசுங்கின பகுதி உள்ள அப்படியே நிக்கும், காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் கலந்த கரைசல தடயவியல் ஆளுங்க பஞ்சால மெதுவா தடவினா நசுங்கின இரும்பு மத்த இடத்த விட வேகமா கரையும், பளபளன்னு இருந்த இடத்துல எண் நிழல் மாதிரி எழும்பி வரும். ரொம்ப ஆழமா தேச்சுட்டா வராது.

மேல இருக்கற நிறமும் நிறைய சொல்லும். ஃபிரேம எலும்புக்கரி, மரக்கரியோட பெட்டியில அடைச்சு சூடு பண்ணி தண்ணியில போடுவாங்க, கரி மேல்தோல்ல ஏறி இரும்பு கெட்டியாகும், கூடவே நீலமும் பழுப்புமா மேகம் மாதிரி நிறம் வரும். அந்த நிறம் மெல்லிய ஆக்ஸைடு படலம்தான், வெளிச்சம் பட்டு, கை பட்டு சாம்பலா மங்கிடும். மூலை முடுக்குல மட்டும் மிச்சம் இருந்தா நம்பலாம். துப்பாக்கி முழுக்க தேஞ்சுபோயிருக்கு ஆனா நிறம் மட்டும் புதுசா மின்னுதுன்னா, ஸ்க்ரூ ஓட்டைய சுத்தி விரல் நுனியால தடவிப் பாக்கணும். பாலிஷ் சக்கரம் பட்டிருந்தா ஓரம் கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கும், எழுத்தோட விளிம்பும் மழுங்கியிருக்கும்.

கடைசியா கைப்பிடி. ஆரம்ப காலத்து துப்பாக்கில அது ஒரே துண்டு வால்நட் மரம். அத கழட்டி உள்பக்கம் இருக்கற காடிய விளக்கு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா, பல துப்பாக்கில ஃபேக்டரி ஆள் கையால மையில எழுதின சீரியல் நம்பர் மங்கலா தெரியும். அது ஃபிரேம்ல இருக்கற நம்பரோட ஒத்துப்போச்சுன்னா, அந்த மரமும் அந்த இரும்பும் ஃபேக்டரியிலேர்ந்தே ஒண்ணா வந்ததுன்னு தைரியமா எழுதி வெக்கலாம்.