மாயமான பில்லும் தலைகீழ் முகவரியும்

ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ரிமோட் டெஸ்க்டாப்பில் பாதி பில் போட்டிருந்தேன். கரண்ட் போய் வைஃபை நின்றது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் நுழைந்தால் பில்லைக் காணோம். கரண்ட் வந்து வைஃபையில் நுழைந்தால், விட்ட வரியிலேயே நிற்கிறது! சர்வருக்குத் திருஷ்டி கழிக்கலாம் என்கிறார்கள்."

எலுமிச்சம்பழத்தை ஊறுகாய்க்கு வையுங்கள். ரிமோட் டெஸ்க்டாப் என்பது தூரத்து சர்வரில் ஓடும் வேலையை உங்கள் திரையில் பார்த்துச் செய்வது. பின்னால் பல சர்வர்கள், முன்னால் ஆட்களைப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சர். இணைப்பு அறுந்தாலும் உங்கள் செஷன், அதாவது நீங்கள் திறந்து வைத்த வேலை, பழைய சர்வரில் திறந்தேதான் இருக்கிறது. பேலன்சர் உங்களை ஐபி முகவரியை (நெட்டில் உங்கள் இணைப்புக்கு உள்ள எண்) வைத்து அடையாளம் காண்கிறது போல. ஹாட்ஸ்பாட்டில் முகவரி மாறியதும் புது ஆள் என்று வேறு சர்வருக்கு அனுப்பிவிட்டது.

சரி, மருந்து? கனெக்‌ஷன் புரோக்கர் என்றொரு கணக்குப்பிள்ளை உண்டு. யார் செஷன் எந்த சர்வரில் என்ற ஏடு அவரிடம். நீங்கள் எந்த சர்வரில் போய் விழுந்தாலும் அது புரோக்கரைக் கேட்டு, உங்கள் லேப்டாப்பிடம் ஒரு டோக்கனைக் கொடுக்கும். லேப்டாப் அதோடு பேலன்சரிடம் திரும்பி வரும். வேலூர் ஆஸ்பத்திரியில் பழைய சீட்டைக் காட்டினால் பழைய டாக்டரிடமே அனுப்புவார்களே, அதேதான்.

அந்த டோக்கன்தான் அழகு. சர்வர் முகவரி 192.168.0.10, போர்ட் (அந்த முகவரியில் தட்ட வேண்டிய கதவு எண்) 3389 என்றால் டோக்கனில் 167815360.15629.0000 என்றிருக்கும். ரகசியம் ஒன்றுமில்லை, முகவரியைத் தலைகீழாக்கியிருக்கிறார்கள். 10-ஐ 16777216-ஆல் (256×256×256) பெருக்குங்கள், 168-ஐ 256-ஆல் பெருக்குங்கள், 192-ஐச் சேர்த்துக் கூட்டுங்கள்: 167815360. (நடுவிலுள்ள 0 எதையும் சேர்க்காது.) போர்ட்டும் அப்படியே: 3389 என்பது 13×256+61, இடம் மாற்றினால் 61×256+13, அதாவது 15629. எண்ணின் சிறிய பைட்டை (0 முதல் 255 வரை பிடிக்கும் ஒரு துண்டு) முதலில் வைக்கும் இன்டெல் சிப்புகளின் பழக்கம் விட்ட தழும்பு இது. பேலன்சர் எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. அதுவே அணைந்து எழுந்தாலும் வழி டோக்கனிலேயே இருக்கிறது.

பயனர் பெயரை வைத்துப் பிரிக்கும் முறையும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. விண்டோஸ் அனுப்புவது முதல் ஒன்பது எழுத்துதான். பெயருக்கு முன்னால் நிறுவனப் பெயரும் ஒட்டிக்கொண்டால் ஒன்பதும் அதிலேயே தீர்ந்து, மொத்த ஆபீசும் ஒரே ஆளாகிவிடும்.

உங்கள் ஐடி தம்பியிடம் சொல்லுங்கள்: புரோக்கர் அமைப்பில் ஐபி முகவரி வழித் திருப்புதலை நிறுத்தி டோக்கனுக்கு மாற்ற வேண்டும், பேலன்சரில் டோக்கன் படிப்பதை இயக்க வேண்டும். அப்புறம் பாதி பில் போட்டு, வைஃபையைத் துண்டித்து, ஹாட்ஸ்பாட்டில் நுழைந்து பாருங்கள்.