வெட்ட வெட்டத் தழைக்கும் மெஸ்கீட்: மண்ணுக்குள் உறங்கும் மொட்டுகள்

டெக்சாஸ் மாநிலத்தின் மேய்ச்சல் நிலத்தில் மெஸ்கீட் என்னும் முள்மரத்தைத் தரையோடு வெட்டிவிட்டு வரும் பண்ணைக்காரர், அடுத்த பருவத்தில் அதே இடத்தில் பல தண்டுகளோடு அடர்ந்து நிற்கும் புதரைக் காண்கிறார். நம் ஊர்ச் சீமைக் கருவேலத்துக்கு இது நெருங்கிய உறவு. ஆகையால் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போடுவோருக்கு இதில் வியப்பு ஏதும் இராது. வெட்டிய தூர் மீண்டும் தழைத்து விறகு தரும் என்பதை நம்பியே அவர்கள் தொழில் நடக்கிறது. மாடு வளர்ப்பவருக்கோ அதே குணம் பெருந்தொல்லை. புதர் அடைத்த இடத்தில் புல் குறைகிறது. முட்களுக்கிடையே மந்தையைத் திரட்டுவதும் கடினமாகிறது.

காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மெஸ்கீட்டின் அடிமரம் தரைமட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. தூரைச் சுற்றி மண்ணைப் பறித்துக்கொண்டே இறங்கினால், முதல் பக்கவேர் கிளைக்கும் இடம் வரை அது வேராக இல்லாமல் தண்டாகவே தொடர்வதைக் காணலாம். பெரும்பாலும் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும் இந்தப் பகுதியில் உறங்குநிலை மொட்டுகள் நிறைய இருக்கின்றன. மரம் நன்றாக நிற்கும்வரை, அதன் கிளை நுனிகளில் சுரந்து கீழ்நோக்கி வரும் ஆக்சின் என்ற வளர்ச்சி இயக்குநீர் அவற்றை விழிக்கவிடாமல் அடக்கி வைக்கிறது. வெட்டினாலும், தீயிட்டாலும், கடும் உறைபனியில் கிளைகள் கருகினாலும் நுனிகள் அழிகின்றன. அவற்றோடு அந்தத் தடையும் நீங்குகிறது. வேரில் சேமித்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டு பல மொட்டுகள் ஒரே நேரத்தில் துளிர்க்கின்றன. அந்த வேர் எளிதில் வறண்டுபோவதும் இல்லை. அரிசோனாவில் டூசான் நகருக்கு அருகே சுரங்கம் தோண்டியபோது மெஸ்கீட் இன வேர் ஒன்று 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டதாகப் பதிவாகியுள்ளது.

இதிலிருந்து ஒரு செய்தி தெளிவாகிறது: மரத்தைக் கொல்ல வேண்டுமானால் அந்த மொட்டுப் பகுதியை அழித்தாக வேண்டும். அதற்கு மேலே எவ்வளவு உழைத்தாலும் அது கவாத்து செய்ததாகத்தான் முடியும். அதனால்தான் இயந்திரத்தால் தோண்டி எடுக்கும்போது முதல் பக்கவேருக்குக் கீழே வெட்ட வேண்டும் என்கிறார்கள். டிராக்டரால் இழுக்கப்படும் வேர்க்கலப்பையும் ஏறத்தாழ 30 முதல் 35 சென்டிமீட்டர் ஆழத்தில் தூரை அறுத்துச் செல்கிறது. இரண்டு டிராக்டர்களுக்கு இடையே கனத்த சங்கிலியைக் கட்டி இழுத்து மரங்களைச் சாய்க்கும் முறையில், மண் ஈரமாக இருந்தால் தூர் பெயர்ந்து வரும். காய்ந்த மண்ணில் மரம் தரையளவில் முறிந்துபோய்ப் பழைய கதையே தொடரும். எல்லாப் புதர்களும் இப்படி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அதே மாநிலத்தின் எட்வர்ட்ஸ் பீடபூமியில் பரவியுள்ள ஆஷ் ஜூனிபர் தூரிலிருந்து துளிர்ப்பதில்லை; கடைசிப் பச்சைக் கிளைக்குக் கீழே வெட்டினால் அது அத்தோடு செத்துவிடும். ஆகவே, எந்த மரம் என்று அறியாமல் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பது வீண் செலவு.

களைக்கொல்லி தெளிப்பதிலும் இதே மொட்டுப் பகுதிதான் இலக்கு; ஆனால் இங்கே காலம் தீர்மானிக்கிறது. வசந்தத்தில் மெஸ்கீட் இளம்பச்சை இலைகளை விடும்போது, வேரில் இருந்த சத்து மேல்நோக்கிச் செல்கிறது. இலைகள் முற்றிக் கரும்பச்சையான பிறகே, அவை தயாரிக்கும் சர்க்கரை புளோயம் திசு வழியாக வேரை நோக்கி இறங்கத் தொடங்குகிறது. இலையில் தெளித்த மருந்தும் அந்த ஓட்டத்தோடு சேர்ந்துதான் தூருக்குப் போய்ச் சேர முடியும். எனவே டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக வேளாண் விரிவாக்கத் துறையினர், இலை கரும்பச்சையாகி, 30 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் சுமார் 24 டிகிரி செல்சியஸை எட்டும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். அவர்கள் பரிந்துரைக்கும் குளோபைராலிட், டிரைக்ளோபயர் ஆகிய இரண்டும் ஆக்சினைப் போலவே செயல்படும் பொருள்கள் என்பது கவனிக்கத்தக்கது. மொட்டுகளை உறங்கவைக்கும் இயக்குநீரின் சாயலில் உள்ள பொருள், அளவு மீறி வந்து சேரும்போது திசுக்களின் வளர்ச்சியையே குலைத்துவிடுகிறது. முந்திக்கொண்டு தெளித்தாலோ இலைகள் மட்டும் கருகி, அடிமொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒற்றை மரமாக நின்றது புதராகிவிடும். என் பார்வையில், தவறான காலத்தில் தெளிப்பதைவிடத் தெளிக்காமல் இருப்பதே மேல். சில மரங்களே இருக்கும் நிலத்தில், டீசலில் கலந்த டிரைக்ளோபயரைத் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரம் வரை அடிமரத்தைச் சுற்றி நனையத் தெளிப்பதும் உண்டு. மழமழப்பான பட்டை கொண்ட இளமரங்களில், எண்ணெய் பட்டையை ஊடுருவி மருந்தை உள்ளே கொண்டுசெல்கிறது.

மெஸ்கீட் டெக்சாஸுக்கு அயல் மரம் அன்று. முன்பு அவ்வப்போது பரவிய புல்வெளித் தீ அதன் இளங்கன்றுகளை அழித்துவந்தது. பிரெய்ரி நாய் என்னும் கொறிவிலங்கும் கன்றுகளைக் கடித்து ஒழித்தது. மாடுகள் பெருகிப் புல் மேய்ந்து தீர்ந்தபின் தீ பரவ எரிபொருள் இல்லாமல் போனது, கொறிவிலங்குகளும் ஒழிக்கப்பட்டன. அதோடு, இனிப்பான நெற்றுகளை மாடுகள் விரும்பித் தின்னும். கடினமான விதை, குடல் வழியே செல்லும்போது மேலுறை இளகி, சாணத்தோடு விழுந்து ஈரமும் எருவும் சேர்ந்த இடத்தில் முளைக்கிறது. விழுந்த விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கவும் வல்லவை. ஆகையால் தூர்களை அழித்த நிலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்து பார்த்து, கன்றுகளைச் சிறியதாக இருக்கும்போதே நீக்க வேண்டும். மேய்ச்சலைக் குறைத்துப் புல்லைத் தழைக்கவிட்டால் புதிய கன்றுகள் வேரூன்றுவதும் கடினமாகும். நெற்று உதிரும் பருவத்தில் புதர் மண்டிய பகுதியில் மேய்ந்த மாடுகளை, குடலில் உள்ள விதைகள் வெளியேறும்வரை சில நாட்கள் பட்டியில் அடைத்துத் தீவனம் போட்டுவிட்டு, அதன் பிறகே சுத்தம் செய்த நிலத்துக்கு ஓட்டிச் செல்ல வேண்டும்.