மூன்றில் ஒருவர் என்று யார் சொன்னது?

சென்ற வாரம் ஒரு சமூக மன்றத்தில் பெற்றோருக்கான கலந்துரையாடல். எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அப்பா தயங்கித் தயங்கி வந்தார். மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். "சார், நம்ம சிங்கப்பூர்ல மூணு பிள்ளைங்கள்ல ஒண்ணு தற்கொலை பண்ணிக்குதாமே? ரெண்டு மாசமா நான் அவன் ரூம் வாசல்லதான் படுக்கிறேன்" என்றார். பையன் அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டானாம்.

இதே கேள்வி இந்த ஆண்டில் நான்காவது முறையாக என் காதில் விழுகிறது. இறப்புக் கணக்குகளோடுதான் என் வேலை, அதனால் இதை எழுதியே ஆகவேண்டும்.

அந்த எண் எங்கிருந்து வந்தது? 2022ஆம் ஆண்டில் 10 முதல் 29 வயதுக்குள் தற்கொலையால் இறந்தவர்கள் 125 பேர். அந்த வயதுப் பிரிவில் நேர்ந்த மொத்த இறப்புகளில் அது 33.6 விழுக்காடு என்று தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் அறிவித்தது. இறப்புகளில் மூன்றில் ஒன்று. வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்ததில் 'இறப்புகளில்' என்ற சொல் எங்கோ விழுந்துவிட்டது. ஒரே ஒரு சொல்தான், ஆனால் அது இல்லாமல் போனதும் ஒரு அப்பா தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்.

பொறுமையாகப் பாருங்கள். 125 பேர் மூன்றில் ஒரு பங்கு என்றால் அந்த வயதில் அந்த ஆண்டு இறந்தவர்கள் மொத்தம் ஏறக்குறைய 370 பேர். அந்த வயதில் இங்கே வாழ்பவர்கள் எத்தனை பேர்? குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எடுத்தாலே சுமார் 9 இலட்சம். 125ஐ 9 இலட்சத்தால் வகுத்தால் ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவர் என்று வரும். அந்த ஒருவரும் நமக்கு ஒரு பிள்ளைதான், 125 வீடுகள் இன்னும் அழுதுகொண்டிருக்கும். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாயே வராது. ஆனால் மூன்றில் ஒருவர் என்பதும் ஏழாயிரத்தில் ஒருவர் என்பதும் ஒரே செய்தி இல்லை. அதுவும் 10 முதல் 29 வரை என்ற பிரிவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளையும் உண்டு, தேசிய சேவையில் இருப்பவரும் உண்டு, திருமணமாகி, அரசு கட்டித்தரும் பிடிஓ அடுக்குமாடி வீட்டுக்குக் காத்திருப்பவரும் உண்டு. பதின்ம வயதுக்கு மட்டும் என்று பார்த்தால் கணக்கே வேறு.

இதைவிட என்னை அதிகம் வருத்துவது, இந்த விழுக்காட்டை வைத்து "அந்தக் காலத்தில் இப்படியா இருந்தது, இப்போது கூடிவிட்டதே" என்று ஆண்டுகளை ஒப்பிடுவது. ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். முன்பு ஓர் ஆண்டில் 100 இளையர் இறந்தார்கள், அதில் 20 பேர் தற்கொலை. விழுக்காடு 20. பிறகு சாலை விபத்து குறைந்தது, தொற்றுநோய் குறைந்தது, புற்றுநோய்க்கு நல்ல சிகிச்சை வந்தது, இறப்பு 60 ஆனது, தற்கொலை அதே 20. இப்போது விழுக்காடு 33! ஒரு பிள்ளைகூடக் கூடுதலாக இறக்கவில்லை, நாற்பது பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள், அதையே பேரழிவு என்று படம்போட்டு அனுப்புகிறோம். ஆண்டுகளை ஒப்பிட விழுக்காடு உதவாது. அந்த வயதில் இருப்பவர்களில் நூறாயிரம் பேருக்கு எத்தனை இறப்பு என்ற விகிதம்தான் வேண்டும்.

வெறும் எண்ணிக்கையும் உதவாது. சீன நாள்காட்டியின் டிராகன் ஆண்டான 1988இல் இங்கே கிட்டத்தட்ட 53,000 குழந்தைகள் பிறந்தன. அதே நாள்காட்டியின் புலி ஆண்டான 2010இல் 38,000க்கும் குறைவு. பிள்ளைகளே கால் பங்குக்கு மேல் குறைந்தால், ஆபத்து அப்படியே இருந்தாலும் இறப்பு எண்ணிக்கை இறங்கும். "பார்த்தீர்களா, நிலைமை சரியாகிவிட்டது" என்று கைதட்டுவதும் தவறுதான். சரி, பிறந்த கணக்கால் வகுத்துவிடலாமா என்றால் அதுவும் கூடாது. ஏழு வயதில் அப்பா அம்மாவோடு திருச்சியிலிருந்து வந்து நிரந்தரவாசியான பிள்ளை பிறப்புப் பதிவேட்டில் இருக்காது. புள்ளிவிவரத் துறை வயதுவாரியாக மக்கள்தொகை வெளியிடுகிறது, அதை எடுங்கள். குடிமக்கள், நிரந்தரவாசிகள் எண்ணிக்கையை எடுத்தால் எல்லா ஆண்டுக்கும் அதையே எடுங்கள். மொத்த மக்கள்தொகை கொவிட் நேரத்தில் 2020இல் 5.69 மில்லியனிலிருந்து 2021இல் 5.45 மில்லியனாகச் சரிந்தது, பெரும்பாலும் வெளிநாட்டு ஊழியர்கள் கிளம்பியதால். அதை வைத்து வகுத்துவிட்டு விகிதம் ஏறிவிட்டது என்று பதறினால் என்ன செய்வது?

இன்னொன்று. ஆயிரம் பேருக்கு 0.1 என்பது 0.2 ஆனதும் 'இளையர் மரணம் இரட்டிப்பு' என்று ஒரு படம் சுற்றியது. 0.14ஐ 0.1 என்று எழுதுவோம், 0.16ஐ 0.2 என்று எழுதுவோம், அவ்வளவுதான் அந்த இரட்டிப்பு. சின்ன ஊர் இது. ஆண்டுக்கு 30 இறப்பு வரும் ஒரு பிரிவில், எந்தக் காரணமும் மாறாமலே ஓர் ஆண்டு 20 வரும், மறு ஆண்டு 40 வரும். நாங்கள் ஐந்தாண்டுகளைச் சேர்த்துத்தான் பார்ப்போம். அண்மை ஆண்டின் எண்ணை இன்னும் கவனமாகத் தொடவேண்டும், மரண விசாரணைகள் முடிய மாதக்கணக்கில் ஆகும், முடிந்தபின் தற்கொலை எண் ஏறக்கூடும்.

ஆகவே தயவுசெய்து, எந்த எண்ணால் வகுத்தார்கள் என்று தெரியாத படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். குடும்பக் குழுவில் பதினான்கு வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 'மூன்றில் ஒருவர்' என்று அவர்கள் படித்தால், வேதனையில் இருக்கும் பிள்ளைக்கு இது எல்லாரும் போகும் வழி என்று தோன்றிவிடும். அதுதான் என் பயமே.

அந்த அப்பாவிடம் வாசலில் படுக்க வேண்டாம் என்றேன். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், மனசு சரியில்லையா என்று கேளுங்கள், சந்தேகம் இருந்தால் சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றே நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், பிள்ளையும் அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம். எண்ணை என் பேனாவால் அவர் உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டு போனார்.