டாமுக்குப் போட்ட 369 மயக்க ஊசிகள்

கனடாவில் மான்ட்ரியல் நகருக்குப் பக்கத்தில் ஃபானா என்றொரு சிம்பன்சி காப்பகம் இருக்கிறது. டாம் என்ற சிம்பன்சி அங்கே 2009 டிசம்பரில் இறந்தான். அவனுடைய ஆய்வகப் பதிவுகளில் ஓர் எண் வருகிறது: 369. குறைந்தது அத்தனை தடவை அவனுக்கு மயக்க ஊசி போட்டிருக்கிறார்கள். படிக்கிறவர் ‘அடப்பாவமே’ என்று அடுத்த வரிக்குப் போய்விடலாம். கால்நடை மருத்துவரான என்னால் அப்படிப் போக முடியவில்லை.

இந்த வேலைக்குப் பெரும்பாலும் கீட்டமைன் என்ற மயக்க மருந்துதான். கரண்ட் கம்பியில் அடிபட்டு வரும் நாட்டுக்குரங்குகளுக்கு நானும் அதைத்தான் போடுகிறேன். நல்ல மருந்து, மூச்சை அவ்வளவாக அமுக்காது. ஆனால் கூட வேறு மருந்து சேர்க்காமல் தனியாகக் கொடுத்தால் தசை விறைக்கும், எச்சில் ஒழுகும், கண் திறந்தே கிடக்கும். தெளிகிற நேரம் இன்னும் மோசம். சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப் போடும். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் திணறும். அதனால் வெளிச்சமும் சத்தமும் இல்லாத இடத்தில் வைத்து, தெளியும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஊசிக்கு முன்னால் பட்டினி போட வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒரே குரங்குக்கு இரண்டாவது தடவை போடுவதென்றாலே நான் யோசிப்பேன். டாம் இருந்த அதே ஆய்வகத்திலிருந்து வந்த பில்லி ஜோ, மயக்கம் தெளியும்போது தன் விரல்களையே கடித்துத் துண்டித்துக்கொண்டவன்.

டாம் ஆப்பிரிக்கக் காட்டில் பிறந்தவன். குட்டியிலேயே பிடித்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமோகோர்டோவில் ஓர் ஆய்வகம், 1982-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லெம்சிப் ஆய்வகம். அங்கே ஐந்தடிக்கு ஐந்தடி, ஏழடி உயரக் கூண்டு. தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும். 1984-இல் எச்ஐவி ஏற்றினார்கள். கல்லீரலிலிருந்து ஊசி வழியாகத் திசு எடுத்தது மட்டும் ஐம்பது தடவைக்கு மேல்.

இதனால் என்ன கிடைத்தது என்று கேட்கலாம். எய்ட்ஸ் பரவிய 1980-களில், மனிதனுக்கு நெருங்கிய உறவு என்பதால் சிம்பன்சியில் தடுப்பூசியைச் சோதிக்கலாம் என்று நம்பினார்கள். அதற்காகவே இனப்பெருக்கமும் செய்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவற்றுக்குக் கிருமி ஏற்றப்பட்டது. கிருமி தொற்றியது, எய்ட்ஸ் வந்தது அபூர்வம். அப்புறம் அவை வேண்டாத சரக்காகிவிட்டன. சிம்பன்சியோ மனிதர் பராமரிப்பில் ஐம்பது வயதைத் தாண்டியும் வாழக்கூடியது.

1997-இல் லெம்சிப் மூடப்பட்டது. அங்கே மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மஹோனிதான் ஒவ்வொரு காப்பகமாகக் கேட்டு இடம் தேடினார். ஆய்வகத்துக்குள் இருந்தவர்களை எல்லாம் ஒரே தட்டில் வைத்துப் பேச எனக்கு மனமில்லாததற்கு அவரும் ஒரு காரணம். குளோரியா குரோவும் கால்நடை மருத்துவர் ரிச்சர்ட் ஆலனும் நடத்திய ஃபானா, பதினைந்து சிம்பன்சிகளை ஏற்றுக்கொண்டது. பலவற்றின் உடலில் எச்ஐவி இருந்தது. டாமும் அவர்களில் ஒருவன்.

காப்பகம் என்றால் காடு இல்லை. எச்ஐவி ஏற்றிய விலங்கைக் காட்டில் விட முடியாது. அங்கேயும் பூட்டும் கம்பியும் உண்டு. மாறுவது வேறொன்று. எப்போது வெளியே போவது, யாரோடு உட்காருவது, இன்றைக்கு யாரையும் பார்க்காமல் இருப்பதா என்பதையெல்லாம் விலங்கே முடிவு செய்யும். டாம் மரமேறினான். குட்டியில் கற்றது அத்தனை வருடக் கூண்டுக்குப் பிறகும் கையிலும் காலிலும் இருந்திருக்கிறது. நல்ல காப்பகங்களில் மருத்துவமும் இதே வழியில்தான் நடக்கிறது. பழமோ ஜூஸோ கொடுத்து, தோளைக் கம்பி அருகே கொண்டுவந்து தானாக ஊசி வாங்கிக்கொள்ளப் பழக்குகிறார்கள். மாதக்கணக்கில் ஆகும். விலங்கு மறுத்தால் அன்றைக்கு விட்டுவிடுவார்கள். துப்பாக்கியால் ஊசி எய்வது அவசரத்துக்கு மட்டும்.

அமெரிக்க அரசு, ஓய்வுபெறும் ஆய்வகச் சிம்பன்சிகளுக்காக 2000-இல் சட்டம் கொண்டுவந்தது. தன் வசமிருந்த எல்லாவற்றையும் ஓய்வுக்கு அனுப்புவதாக 2015-இல் அறிவித்தது. ஆனால் 2019-இல், அலமோகோர்டோவில் மிச்சமிருந்த 44 சிம்பன்சிகள் பயணத்தைத் தாங்காது என்று அங்கேயே வைத்துக்கொள்ள முடிவானது. அது சட்டத்துக்கு முரண் என்று 2022 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. இதய நோயுள்ள கிழட்டுச் சிம்பன்சியை லாரியில் ஏற்றுவது ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அவை கிழடாகும்வரை தள்ளிப்போட்டது யார்?

நம் நாட்டில் விலங்குச் சோதனைகளுக்கான விதி 2006-இல் திருத்தப்பட்டது. சோதனை முடிந்த விலங்கின் பராமரிப்பும் மறுவாழ்வும் ஆய்வாளரின் பொறுப்பு, அந்தச் செலவும் ஆய்வுச் செலவிலேயே சேர வேண்டும் என்கிறது அது. நாயோ குரங்கோ வைத்திருக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் இளம் மருத்துவர்கள், சோதனைக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு வரும் விண்ணப்பத்தில் முதலில் அந்த வரியைத் தேடுங்கள். தொகை எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, எந்த இடத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேளுங்கள். இடத்தின் பெயர் எழுதப்படாமல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.