நோலன் ரயன் வேகமா, அரோல்டிஸ் சாப்மன் வேகமா?

2010 செப்டம்பர் 24. சான் டியேகோவில் நடந்த ஆட்டத்தில் சின்சினாட்டி அணியின் அரோல்டிஸ் சாப்மன் வீசிய ஒரு பந்துதான் இதுவரை பேஸ்பாலில் பதிவானவற்றிலேயே அதிவேகமானது. அன்று அறிவிக்கப்பட்ட வேகம் மணிக்கு 169.1 கிலோமீட்டர். இன்றைய பதிவுகளைப் புரட்டினால் அதே பந்துக்கு 170.3 என்று போட்டிருக்கிறது. வீசி முடித்து ஆண்டுகள் போன பிறகு ஒரு பந்தின் வேகம் எப்படிக் கூடும்? பேஸ்பாலில் பந்து வீசுபவர்களான பிட்சர்களில், பழையவர்களையும் இன்றையவர்களையும் ஒப்பிடக் கிளம்புகிற யாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

பிட்சர் நிற்கும் மேட்டுக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர். 1893 முதல் இந்தத் தூரம் மாறவே இல்லை. பிட்சர் காலை நீட்டிப் பாய்ந்து வீசுவதால் பந்து கையை விடும்போது ஏறத்தாழ 16.5 மீட்டர்தான் மிச்சம். அந்தத் தூரத்துக்குள்ளேயே காற்று பந்தின் வேகத்தில் சுமார் 9 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. கையை விட்டபோது 160 கிலோமீட்டரில் இருந்த பந்து, பேட்டரைத் தொடும்போது 146-க்கு வந்திருக்கும். ஆக, கருவி எந்த இடத்தில் பந்தைப் பார்க்கிறது என்பதைச் சொல்லாமல் வேகத்தைச் சொல்வதில் அர்த்தமே இல்லை. சாப்மனின் பந்தை 2010-ல் பதிவுசெய்த கேமராக்கள், அது பிளேட்டுக்கு 50 அடி தூரத்தில் இருந்தபோதைய வேகத்தைக் கொடுத்தன. 2017 முதல், பந்து கையை விட்ட கணத்து வேகத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். கூடுதலாக வந்த 1.2 கிலோமீட்டர், இடையில் இருந்த அந்தச் சில அடிகளின் கணக்கு.

இப்போது பழைய காலத்து வேகப் பிட்சர் நோலன் ரயனுக்கு வருவோம். 1974 ஆகஸ்டில் அனஹெய்ம் மைதானத்தில், ராக்வெல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கொண்டுவந்த ரேடார் அவர் பந்துக்கு 162.4 கிலோமீட்டர் காட்டியது. சாப்மனைவிட எட்டு கிலோமீட்டர் குறைவு, விவகாரம் முடிந்தது என்று தோன்றும். ஆனால் அந்தக் கருவி பந்தைப் பிடித்தது பிளேட்டுக்குச் சுமார் 10 அடி முன்னால். காற்று தன் பங்கைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்ட பிறகு. 50 அடிக் கணக்குக்கு மாற்றினால் ரயனின் பந்து 174 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. 1946-ல் வாஷிங்டனின் கிரிஃபித் மைதானத்தில் பாப் ஃபெல்லர் என்ற பிட்சரை ராணுவத்தின் கருவி கொண்டு சோதித்தார்கள். பிளேட்டைக் கடக்கும்போது 158.7. அதையும் இதேபோல மாற்றினால் ஏறத்தாழ 173. ஒரு கிலோமீட்டர்கூடப் பிசகாது என்று இந்தக் கணக்கை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. காற்றின் தடை பந்தின் தையலையும், சுழற்சியையும், அன்றைய காற்றையும் பொறுத்து மாறும். ஆனால் பழைய காலத்தின் தலைசிறந்த கைகள் இன்றைய தலைசிறந்த கைகளுக்குச் சளைத்தவை அல்ல என்பதை மறுக்க முடியாது.

அவர்களுக்கும் முந்தைய பிட்சர் வால்டர் ஜான்சன் விஷயம் கொஞ்சம் பாவம். 1912-ல் ரெமிங்டன் துப்பாக்கித் தொழிற்சாலையில் தோட்டாவின் வேகத்தைச் சோதிக்கும் கூடத்துக்கு அவரை அழைத்துப்போய் வீசச் சொன்னார்கள். பக்கவாட்டில் கையைச் சுழற்றி வீசுபவர் அவர். கருவி இருக்கும் இடத்துக்குக் குறி பார்த்து வீசவே சிரமப்பட்டார். கிடைத்த விடை 134 கிலோமீட்டர், அதுவும் பந்து 60 அடியைக் கடந்த பிறகு. காற்றின் பங்கைத் திருப்பிக் கொடுத்தாலும் 150-ஐ ஒட்டித்தான் வருகிறது. 417 வெற்றிகளும், எதிரணிக்கு ஒரு ரன்கூடத் தராமல் முடித்த 110 ஆட்டங்களும் கொண்டவரை அந்த ஒற்றைச் சோதனையால் எடைபோடுவது நியாயமில்லை என்பதே என் எண்ணம்.

அப்படியானால் நூறாண்டில் எதுவுமே மாறவில்லையா? மாறியது உச்சம் அல்ல, சராசரி. எல்லாப் பிட்சர்களின் வேகப்பந்துகளையும் சேர்த்துப் பார்த்தால் 2008-ல் சராசரி 148 கிலோமீட்டரை ஒட்டி இருந்தது. இப்போது 151-ஐத் தாண்டிவிட்டது. அளக்கும் இடம் மாறியதைக் கழித்தாலும் ஏற்றம் ஏற்றம்தான். ஒரு காலத்தில் அணிக்கு ஒருவர், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால், என்றிருந்த வேகம் இன்று மாற்று வீரர்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு பேரிடம் இருக்கிறது. 2018-ல், பேஸ்பால் வரலாற்றில் முதன்முறையாக, ஒரு சீசனில் பேட்டர்கள் பந்தை அடித்துத் தளத்தைப் பிடித்த ஹிட்களைவிட, அடிக்க முடியாமல் ஆட்டமிழந்த ஸ்ட்ரைக் அவுட்கள் அதிகமாயின.

இதற்குப் பயிற்சியும் அதிவேகக் கேமராக்களும் காரணம்தான். ஆனால் வேலையின் தன்மையே மாறியதை அதைவிடப் பெரிய காரணமாக நான் பார்க்கிறேன். 1974 ஜூன் 14 அன்று பாஸ்டனுக்கு எதிராக ரயன் 13 இன்னிங்ஸ் வீசி, 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். அன்று அவர் வீசியதாகச் சொல்லப்படும் பந்துகள் 235. இன்று 100-ஐ நெருங்கினாலே பிட்சரை மாற்றப் பயிற்சியாளர் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார். 2024-ல் நடந்த ஏறத்தாழ 2,430 ஆட்டங்களில் ஒரே பிட்சர் ஆட்டம் முழுவதையும் வீசி முடித்தது 28 முறை. அதே 28-ஐ 1968-ல் பாப் கிப்சன் தனியாளாகச் செய்தார். ஒன்பது இன்னிங்ஸும் தாக்குப்பிடிக்க வேண்டியவர் ஒவ்வொரு பந்திலும் முழுப் பலத்தையும் இறக்க மாட்டார். நெருக்கடி வரும்வரை கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொள்வார். ஐந்து இன்னிங்ஸோடு போகப்போகிறவருக்கு அந்தக் கவலை இல்லை.

அந்த 1968-ல் கிப்சனின் ஈஆர்ஏ 1.12. அதாவது, ஃபீல்டர்களின் பிழையால் வந்தவற்றைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்கள்; குறையக் குறைய நல்லது. வியப்பான எண்தான். ஆனால் அந்த ஆண்டு எல்லாப் பிட்சர்களுக்குமே கொண்டாட்டம். அமெரிக்கன் லீகில் பேட்டிங்கில் முதலிடம் பிடித்தவரின் சராசரியே .301-தான், அதாவது ஆயிரம் முயற்சிக்கு 301 ஹிட்கள். மிரண்டுபோன நிர்வாகம் 1969-ல் பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டியது. இதனால்தான் புள்ளியியலாளர்கள் ஒரு பிட்சரின் ஈஆர்ஏவை அந்த ஆண்டின் லீக் சராசரியோடு வைத்துப் பார்க்கிறார்கள். மைதானத்தின் தன்மையையும் சரிக்கட்டி, சராசரிப் பிட்சருக்கு 100 என்று வைக்கிறார்கள்; எண் கூடக்கூடச் சிறப்பு. அந்தக் கணக்கில் கிப்சனின் 1968, 258. பேட்டர்கள் வெளுத்துக்கட்டிய 2000-ல் 1.74 எடுத்த பெத்ரோ மார்ட்டினஸ் 291. எனக்கு அந்த 1.74 தான் பெரிது.

இந்த அளவுகோலுக்கும் ஒரு குறை உண்டு. எதிரே யார் நின்றார்கள் என்பது அதற்குத் தெரியாது. 1880-களின் நடுப்பகுதியிலிருந்து, 1947-ல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் களமிறங்கும்வரை, கறுப்பின வீரர்களைப் பெரிய லீக்குகள் (இன்றைய அமெரிக்கன், நேஷனல் லீக்குகள்) சேர்க்கவே இல்லை. ஜான்சன் தன் காலத்தின் மிகச் சிறந்த பேட்டர்கள் பலரை லீக் ஆட்டம் ஒன்றிலும் எதிர்கொண்டதில்லை. கறுப்பினப் பிட்சர் சாட்செல் பெய்ஜ் பெரிய லீக்கில் முதல் பந்தை வீசியபோது 42 வயது. அந்த வயதிலும் 1948-ல் அவர் ஈஆர்ஏ 2.48. அவருடைய இருபத்தைந்து வயது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது. அந்த அநீதியைச் சரிக்கட்ட எந்தச் சூத்திரமும் இல்லை.

சராசரி ஏறுகிறது, உச்சம் மட்டும் ஏன் ஏறவில்லை? முழங்கையின் உட்புறத்தில், மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைக்கும் ஒரு சிறு நார் இருக்கிறது. பந்தை வீசக் கை பின்னால் வளைந்து, முன்னால் திரும்பும் கணத்தில் முழங்கை தாங்கும் முறுக்குவிசை ஏறத்தாழ 64 நியூட்டன் மீட்டர். ஆய்வகத்தில் தனியாக வைத்து முறுக்கினால் அந்த நார் 32-ஐ ஒட்டியே அறுந்துவிடுகிறது. மீதியைச் சுற்றியுள்ள தசைகள் பகிர்ந்துகொள்கின்றன. பயிற்சியால் தசை பருக்கும். நார் அந்த அளவுக்கு வலுவாவதில்லை. 1974 செப்டம்பரில் டாமி ஜான் என்ற பிட்சருக்கு, அறுந்த நாருக்குப் பதிலாக அவருடைய மறுகையின் தசைநாணை எடுத்து வைத்துத் தைத்தார் மருத்துவர் ஃபிராங்க் ஜோப். ஜான் அதன் பிறகு மேலும் 164 ஆட்டங்களை வென்றார். இன்று அந்த அறுவைச் சிகிச்சை பிட்சர்களிடையே சர்வசாதாரணம். ஒவ்வொரு பந்தையும் முழுப் பலத்தோடு வீசும் போக்கே காயங்கள் பெருகக் காரணம் என்று பெரிய லீக் நிர்வாகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையும் சொன்னது.

2021-ல் ஜேக்கப் டிகிராம் என்ற பிட்சர் 1.08 ஈஆர்ஏ வைத்திருந்தார், கிப்சனின் எண்ணைவிடக் குறைவு. வேகப்பந்தின் சராசரி 159 கிலோமீட்டருக்கு மேல். கிப்சன் 304 இன்னிங்ஸுக்கும் மேல் வீசினார். டிகிராம் 92 இன்னிங்ஸோடு, ஜூலையிலேயே, காயத்தால் நின்றுபோனார். 2023-ல் முழங்கையில் இரண்டாவது முறையாக அந்த அறுவைச் சிகிச்சை. 2025-ல் திரும்பி வந்து 30 ஆட்டங்களில் 172 இன்னிங்ஸ் வீசினார், முன்பைவிடச் சற்று வேகம் குறைத்து.