‘சரி’ என்ற சொல் வந்து சேரும் நேரம்

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரிலிருந்து மனைவி நெட் காலில் கேட்கிறார்: "இந்த மாசம் சீட்டுப் பணம் அனுப்புவியளா?" சவுதியில் இருக்கும் கணவர் சட்டென்று "சரி, அனுப்பலாம்" என்கிறார். அது வந்து சேர்வதற்குள் நடுவில் ஒரு மௌனம். "என்ன இழுக்கிய? மனசில்லையா?" என்கிறார் மனைவி. கணவருக்கோ, தான் இழுக்கவே இல்லை என்பது உறுதி. இருவர் சொல்வதும் உண்மைதான்.

நேருக்கு நேர் பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாகச் சுமார் 200 மில்லி விநாடி (0.2 விநாடி). 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. ஒரு படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லவே ஏறத்தாழ 600 மில்லி விநாடி ஆகும். ஆகவே எதிரில் இருப்பவர் முடிக்கும் முன்பே நம் மூளை பதிலைக் கோக்கத் தொடங்கிவிடுகிறது. சம்மதம் வேகமாக வரும், மறுப்பு பொதுவாகத் தயங்கி வரும். அதனால்தான் தாமதம் கேட்டாலே காது மறுப்பை எதிர்பார்க்கிறது.

இணைப்பில் ஒருவழித் தாமதம் 300 மில்லி விநாடி என்று வையுங்கள். கேள்வி போக 300, அவருடைய இயல்பான 200, பதில் வர 300. மொத்தம் 800. மனைவி கேட்கும் மௌனம் இயல்பைப் போல நான்கு மடங்கு.

அளந்து பார்க்கலாம். நீங்கள் 1, அவர் 2 என்று மாறி மாறி 20 வரை எண்ணுங்கள். 1 சொல்லும்போது கடிகாரத்தைத் தொடங்கி, 20 காதில் விழுந்ததும் நிறுத்துங்கள். ஊருக்கு வரும்போது நேரிலும் அதே வேகத்தில் எண்ணுங்கள். வித்தியாசத்தை 10-ஆல் வகுத்தால், ஒவ்வொரு பதிலுக்கும் இணைப்பு சேர்க்கும் நேரம் கிடைக்கும். 6 விநாடி கூடுதலானால், பதிலுக்கு 0.6 விநாடி.

உம் கொட்டுவதும் இங்கே சிக்கல். நேரில் தலையாட்டினால் போதும். போனில் 'உம்' கேட்க வேண்டும். ஸ்பீக்கரில் பேசினால், எதிரொலியைத் தடுக்கும் மென்பொருள் சன்னமான 'உம்'மை அமுக்கிவிடக்கூடும். இயர்போன் மாட்டுங்கள். வாக்கியம் முடிந்ததும் ஒரு முழு விநாடி பொறுங்கள், அதற்குள் "ஹலோ, கேக்குதா?" என்றால் இரண்டு குரலும் மோதும்.

தமிழில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 'அனுப்ப முடியும்', 'அனுப்ப முடியாது': வேறுபாடு முழுக்கக் கடைசியில். சிக்னல் கடைசியில் அறுந்தால் அறுவது அந்த வால்தான். பணம், மருந்து, பயணத் தேதி என்றால் 'ஆமா' அல்லது 'இல்லை'யை முதலில் சொல்லி, பிறகு விவரம் சொல்லுங்கள்.