மெம்கேஷ்டு: பேட்ச் நிறுவிய பின்னும் அடைபடாத ஓட்டை

அடிக்கடி கேட்கப்படும் தரவை நினைவகத்தில் வைத்து விரைவாகத் தரும் கேஷ் மென்பொருளில் பாதுகாப்புக் குறைபாடு இருப்பதாக அறிவிப்பு வந்தால், பேக்கேஜைப் புதுப்பித்துவிட்டு டிக்கெட்டை (பணிப் பதிவை) மூடிவிடுவதே பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. சர்வர் பராமரிப்பில் நான் மிகுதியாகக் கண்ட தவறும் இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இணைய வணிக நிறுவனத்தின் சர்வர்களைத் தணிக்கை செய்தபோது, வட்டில் இருந்த மெம்கேஷ்டு என்ற கேஷ் மென்பொருளின் பைனரி (இயங்கு கோப்பு) திருத்தப்பட்ட 1.4.33 பதிப்பாகவே இருந்தது. ஆனால் அது செவிமடுக்கும் 11211 போர்ட்டில் இணைந்து, நிலவரம் கேட்கும் ஸ்டாட்ஸ் கட்டளையை இட்டபோது, பதிப்பு 1.4.25 என்றும் அப்டைம் (தொடர்ந்து இயங்கிய நேரம்) ஒரு கோடியே எண்பது லட்சம் விநாடிகளுக்கு மேல் என்றும் பதில் வந்தது. ஏறத்தாழ ஏழு மாதங்களாகப் பழைய ப்ராசஸே (இயங்கும் நிரலே) நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ரீஸ்டார்ட் செய்தால் கேஷ் முழுவதும் காலியாகி, அத்தனை கோரிக்கைகளும் ஒரே நேரத்தில் தரவுத்தளத்தின் மேல் விழுந்துவிடும் என்று அஞ்சி அதைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பழைய ப்ராசஸில் இருந்த குறைபாடு சாதாரணமானதல்ல.

2016ஆம் ஆண்டு சிஸ்கோவின் டாலோஸ் என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு மெம்கேஷ்டில் மூன்று குறைபாடுகளை வெளியிட்டது. மெம்கேஷ்டுடன் பேசும் வழிகளில் ஒன்றான பைனரி நெறிமுறையில் வரும் கோரிக்கையின் தலைப்பகுதியில் உடலின் மொத்த நீளமும் சாவியின் (தரவைத் தேட உதவும் பெயரின்) நீளமும் இருக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து மதிப்பின் நீளத்தைக் கணக்கிடும் நிரல், மொத்த நீளத்தைச் சாவியின் நீளத்தைவிடக் குறைவாக ஒருவர் வேண்டுமென்றே அனுப்பக்கூடும் என்பதைச் சோதிக்கவில்லை. விளைவாக வரும் எதிர்மறை எண், ஒதுக்கிய நினைவகத்துக்கு வெளியே எழுத வழிவிட்டு, தாக்குபவரின் நிரலையே சர்வரில் இயக்கும் அளவுக்குக் கொண்டுபோய்விடக்கூடும். மூன்றில் ஒன்று, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பகுதியிலேயே இருந்ததால், கடவுச்சொல் வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. சில மாதங்கள் கழித்து அக்குழு இணையத்தைத் துழாவியபோது, வெளியிலிருந்து அணுகக்கூடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சர்வர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு திருத்தப்படாமலே இருந்தன.

இவை வெளியிலிருந்து அணுகக்கூடியவையாக இருந்ததே என்னை அதிகம் வருத்துகிறது. 2018 பிப்ரவரி 28 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் மீது விநாடிக்கு 1.35 டெராபிட் அளவிலான தரவு வெள்ளம் பாய்ந்ததற்கு, இணைப்பு ஏற்படுத்தாமலே தரவை அனுப்பும் யுடிபி வழியைத் திறந்து வைத்திருந்த பிறரது மெம்கேஷ்டு சர்வர்களே கருவியாயின. அனுப்புநர் முகவரியைப் போலியாக இட்டு 15 பைட் கோரிக்கை அனுப்பினால், சில சமயம் 750 கிலோபைட் வரையிலான பதில் பாதிக்கப்பட்டவரிடம் போய்ச் சேர்ந்தது. அந்தத் தாக்குதலுக்கு முந்தைய நாள் வெளிவந்த 1.5.6 பதிப்பில்தான் யுடிபி இயல்பாகவே அணைக்கப்பட்டது.

அந்த நிறுவனத்தில், கன்சிஸ்டன்ட் ஹாஷிங் (ஒரு சர்வர் விலகினால் அதன் பங்கு சாவிகள் மட்டுமே இடம் மாறும் பங்கீட்டு முறை) ஏற்கெனவே இருந்ததால், இரவில் ஒரு நோடு (கேஷ் சர்வர்) வீதம் ரீஸ்டார்ட் செய்து, ஒவ்வொன்றும் நிரம்பிய பிறகே அடுத்ததற்குச் சென்றோம். மெம்கேஷ்டு உள் நெட்வொர்க் முகவரியில் மட்டும் செவிமடுக்குமாறு மாற்றி, யுடிபியை அணைத்து, ஃபயர்வாலில் 11211 போர்ட்டை மூடினோம். விடியற்காலையில் வெளியிலிருந்து அந்தப் போர்ட்டுக்கு இணைய முயன்றபோது பதில் வரவில்லை. உள்ளிருந்து கேட்டபோது 1.4.33 என்று வந்தது. அதன் பிறகே டிக்கெட்டை மூடினோம்.